பாதியில் நின்ற பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்?



கல்கத்தாவில் வாழும் தமிழ்த் தொழிலாளி, அரிசிக்கும் வாடகைக்கும் கொடுத்தது போக மிச்சமிருக்கும் காசை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்: ஆங்கிலத்தில் கொட்டுகிறான். மார்ச், ஏப்ரல் பிறந்துவிட்டால் சங்கத்தில் கைமாற்றுக் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் 'இங்கிலீஷ் மீடியம்' அட்மிஷனுக்காகத்தான் வருகிறார்கள். ஆபீஸ் பாராவில் இட்லி வண்டி போடுகிறவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், கார்டன் ரீச்சில் ரயில்வே கலாசி என்று எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான். 'நாம்தான் இப்படிப் போனோம், பிள்ளையாவது இங்கிலீஷ் பேசட்டும்.' இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் கொடுக்கிற காசுக்குச் சரக்கு வருகிறதா என்று கணக்குப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. நான் ரயில்வேயில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அந்தப் பழக்கத்தில் பார்க்கிறேன்.

ஆங்கிலம் கற்பிக்க எது நல்ல முறை என்பதில் உலகமெங்கும் பெரிய பெரிய படிப்பாளிகள் நூறு வருஷமாகச் சண்டை போட்டு வருகிறார்கள். இலக்கண முறை, மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, அமைப்பு முறை, பேச்சுப் பயன்பாட்டு முறை என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். மெட்ரிக் படித்த ஒரு குமாஸ்தா இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். ஏனென்றால் தீர்ப்புக்கு வேண்டிய அளவுகோலை ஒருவர் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே, இதே வங்காளத்தில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் பெயர் மைக்கேல் வெஸ்ட். வெள்ளைக்கார அரசாங்கத்தின் கல்வி அதிகாரி. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். 1926-ல், வங்காளத்துப் பிள்ளைகள் இருமொழி படிப்பதைப் பற்றி அவர் எழுதிய பெரிய அறிக்கை இந்தக் கல்கத்தாவில்தான் அச்சாகி வெளிவந்தது. அதில் அவர் கேட்ட கேள்வி மிக எளியது. வங்காளத்தில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடைசிவரை படிப்பதில்லை, நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றவன் கையில் என்ன மிஞ்சுகிறது?

இதற்கு அவர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கினார்: 'சரண்டர் வேல்யூ'. எல்.ஐ.சி. பாலிசி எடுத்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருபது வருஷ பாலிசியைச் சில வருஷம் கட்டிவிட்டு, முடியாமல் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும் என்பதுதான் சரண்டர் வேல்யூ. படிப்பும் அப்படித்தான் என்றார் வெஸ்ட். பத்து வருஷம் கட்டினால்தான் பலன், எட்டாவது வருஷம் நிறுத்தினால் பூஜ்யம் என்றால், அந்தப் பாலிசி பணக்காரனுக்குச் செய்யப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை எந்த வருஷம் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? தகப்பனுக்குக் கால் ஒடிந்தால் நிற்கும். அக்காளுக்குக் கல்யாணம் வந்தால் நிற்கும். ஊரில் பாட்டி படுத்துவிட்டால் ஆறு மாதம் நாகப்பட்டினத்திலோ சேலத்திலோ போய் உட்கார்ந்துவிட்டு வரும். வந்தபோது வகுப்பு எங்கோ போயிருக்கும்.

ஆக, நம் வகுப்பாருக்கு ஒரு முறை நல்லதா கெட்டதா என்று பார்க்க முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பார்க்கக் கூடாது. பாதியில் நின்ற பிள்ளையைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் ஒட்டும் பிளக்ஸில் அந்தப் பிள்ளையின் போட்டோ என்றைக்கும் இருப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு வெஸ்ட் கண்ட விடை, படித்துப் புரிந்துகொள்ளும் திறனை முதலில் கொடு என்பது. பேசுவதும் எழுதுவதும் நீண்ட காலம் பழகினால்தான் கைவரும். நடுவில் விட்டால் மறந்து போகும். படிக்கத் தெரிந்த அளவு மட்டும் அந்த அளவில் உடனே உபயோகப்படும், பிறகும் தானாக வளரும் என்றார். அதற்காகவே அவர் வாசிப்புப் புத்தகங்களைப் புதிதாக எழுதினார். ஒரு பக்கத்தில் புதுச் சொல் மிகக் கொஞ்சம். வந்த புதுச் சொல் திரும்பத் திரும்ப வந்து மனதில் நின்ற பிறகே அடுத்த புதுச் சொல். எங்கும் வழங்காத அலங்காரச் சொற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அன்றாடம் புழங்கும் சொற்களை வைத்தார். 1935-ல் வந்த அவருடைய அகராதி, வெறும் 1490 சொற்களைக் கொண்டே ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பொருள் சொன்னது. 1953-ல் ஆங்கிலத்தில் மிகவும் பயன்படும் ஏறக்குறைய 2000 சொற்களின் பட்டியலை வெளியிட்டார். இன்றும் உலகம் முழுவதும் ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் அந்தப் பட்டியலின் வழித்தோன்றல்களைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்கார அதிகாரி நமக்குக் கருணை காட்டினார் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கத் தெரிந்தால் போதும், பேசத் தேவையில்லை என்ற யோசனைக்குள் ஆளுகிறவன் புத்தி கொஞ்சம் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. ஃபைலைப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும், எதிர்த்துப் பேசத் தெரிந்தவன் வேண்டாம்! ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நம்முடைய கேள்வி. அதை யார் கேட்டார் என்பதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

இந்த அளவுகோலை வைத்து இனி நம் காலத்து முறைகளைப் பார்ப்போம்.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை ராஜ்யத்தில் 1960 வாக்கில் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. 'அமைப்பு முறை'யில் ஆங்கிலம் கற்பிக்க 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களைத் தயார் செய்வது என்று திட்டமிட்டார்கள். கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுப்பது, அவர்கள் இன்னும் பலருக்கு. பனியில் உருட்டிய உருண்டை உருள உருளப் பெருப்பதுபோல என்று அதற்குப் பனிப்பந்து என்றே பெயர். நம் ஊரில் பனி ஏது? உச்சி வெயிலில் உருட்டிய ஐஸ் கட்டி போலத்தான் ஆயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. மேலே சொன்ன சங்கதி கைமாறிக் கைமாறிக் கீழே வரும்போது இளைத்துப் போவது இந்த மாதிரித் திட்டங்களின் இயல்பு. கிராமத்துப் பள்ளியில் கடைசியாக வந்து சேர்ந்தது 'திஸ் ஈஸ் எ பென், தட் ஈஸ் எ டோர்' என்ற கோரஸ் பாட்டு. பேனா கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது அது பேனா என்று யாரிடம் சொல்ல? அந்த வாக்கியத்தால் யாருக்கும் ஒரு சேதியும் போய்ச் சேர்வதில்லை. வாக்கியத்துக்குப் பின் வாக்கியமாக வருஷக்கணக்கில் அடுக்கிக்கொண்டு போய், ஒருநாள் வீடு கட்டி முடித்தால்தான் குடியேற முடியும். கடைக்காலோடு நின்றவனுக்குக் கூரை கிடையாது. சரண்டர் வேல்யூ பூஜ்யம்.

இதைப் பார்த்து மனம் வெதும்பியவர்களில் ஒருவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகத்துப் பாடப்புத்தகங்களில் அதற்குப் பெயர். 1987-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். நம்மைப் போன்ற ரயில்வேக்காரர்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அந்த வகுப்புகளில் இலக்கணப் பாடம் நடத்தவில்லை. வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குப் போலப் புதிர்கள் கொடுத்தார்கள்: வரைபடம், காலண்டர், வகுப்பு டைம்டேபிள், தபால் கட்டணம், ரயில் டைம்டேபிள். ஆம், ரயில் டைம்டேபிளேதான்! இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், எந்த வண்டியில் ஏறலாம், ஏன் மற்ற வண்டி உதவாது? முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு அதே மாதிரி ஒரு புதிரைப் பேசிப் பேசித் தீர்ப்பார். பிறகு பிள்ளைகள் தனியாக ஒன்றைத் தீர்ப்பார்கள். வகுப்பில் பாதிப்பேருக்காவது பாதியாவது வராவிட்டால் அந்தப் புதிர் கடினம் என்று பொருள். அடுத்த முறை அதை எளிதாக்கிக் கொடுப்பார்கள். தாய்மொழியில் ஒரு சொல் வந்துவிட்டால் பிரம்பை எடுக்கவில்லை. உபகரணம் என்று பார்த்தால் கரும்பலகை, சாக்குக்கட்டி, காகிதம். அவ்வளவுதான்.

பிரபுவின் வாதம் இது: புத்தி முழுவதும் விஷயத்தின் மேல் இருக்கும்போதுதான் மொழி தானாக ஒட்டுகிறது. மொழியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒட்டுவதில்லை. சைக்கிள் பழகுகிறவன் பெடலைக் குனிந்து பார்த்தால் விழுகிறானே, அதுபோல. பின்னால் எடின்பரோவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பள்ளிகளைப் பழைய முறைப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து 1985-ல் எழுதினார்கள். பழைய முறைக்கென்றே செய்த தேர்வில் பழைய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். எந்தப் பக்கமும் சாயாத பொதுத் தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகள் முந்தினார்கள். ஒப்பிட்ட விதம் சரியா என்று பிறகு வாதங்கள் எழுந்ததும் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த முறையில் எந்த வருஷம் நின்றாலும் பிள்ளை கையில் ஒரு காரியம் இருக்கிறது. டைம்டேபிள் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது இன்றைக்கே தெரியும். பத்தாவது முடிக்கும் வரை அது காத்திருக்க வேண்டியதில்லை.

தெற்கே இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் நாம் வாழும் மேற்கு வங்காளத்தில் நடந்தது வேறு கதை. அதை நம் குடும்பங்கள் பலவும் உடம்பில் உணர்ந்திருக்கின்றன. 1980-களின் தொடக்கத்தில், அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் வேண்டாம், தாய்மொழி மட்டும் போதும் என்று இடது முன்னணி அரசு முடிவு செய்தது. ஆறாம் வகுப்பில்தான் ஆங்கிலம். நானும் அந்தத் தலைமுறைதான்; பதினோரு வயதில் பள்ளியில் ஆங்கில எழுத்தை எழுதத் தொடங்கியவன். 1999-ல் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் திரும்பியது. 2004-ல் முதல் வகுப்புக்கே வந்துவிட்டது. ஒரு தலைமுறை நடுவில் போயிற்று.

இதைப் பற்றிப் பேசும்போது நம் தோழர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கிறேன். ஒரு கட்சி, 'தாய்மொழி என்று சொல்லிக் கெடுத்தார்கள்' என்கிறது. மற்றொன்று, 'கொள்கை சரி, மக்கள்தான் ஆங்கில மோகத்தில் கெட்டார்கள்' என்கிறது. இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. சின்ன வயதில் தாய்மொழியில் படிப்பதே நல்லது என்பது சரியான கொள்கை. 1953-ல் யுனெஸ்கோ அதைத்தான் சொன்னது. தாய்மொழிக் கல்விக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய ரவீந்திரநாதரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த ரவீந்திரநாதர் தமது சாந்திநிகேதன் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பாலபாடங்களைத் தாமே எழுதினார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 'இங்ரேஜி ஸ்ருதிசிக்ஷா' என்று ஒன்று. கேட்டுக் கற்பது என்று பொருள். 'இங்ரேஜி ஸஹஜசிக்ஷா' என்று மற்றொன்று. தாய்மொழியை உயர்த்தினார், ஆங்கிலத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தவில்லை. உலகப் பெருங்கவிஞர் உட்கார்ந்து குழந்தைக்கு ஆங்கிலப் பாலபாடம் எழுதினார் என்றால், அந்த வேலையை அவர் எவ்வளவு மதித்தார் என்று பாருங்கள்!

தவறு வேறு இடத்தில் இருந்தது. பள்ளியில் ஆங்கிலத்தை நிறுத்தினார்கள், ஆபீசில் நிறுத்தவில்லை. கோர்ட்டில் நிறுத்தவில்லை, காலேஜில் நிறுத்தவில்லை. கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. சாவி மட்டும் அரசுப் பள்ளியிலிருந்து போய்விட்டது. சாவி எங்கே போயிற்று? கடைக்குப் போயிற்று. காசுள்ளவன் வாங்கிக்கொண்டான். தனிப் பள்ளிகளும் டியூஷனும் பெருகின. தனிகா சக்ரவர்த்தி, ஷில்பி கபூர் பக்ஷி என்ற இரு பொருளியலாளர்கள் பிற்காலத்தில் இதை ஆராய்ந்தபோது, இந்தக் கொள்கையில் சிக்கிய தலைமுறையின் கூலியே அதனால் குறைந்தது என்று கண்டார்கள். கூலி குறைந்தது யாருக்கு? கொள்கை வகுத்த பெரியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் தொடங்கியபோது பாடப்புத்தகம் பழையதல்ல. 'லேர்னிங் இங்கிலீஷ்' என்ற புதிய வரிசை. பேச்சுப் பயன்பாட்டு முறையில், அன்றைக்கு உலகத்தில் புதிதாயிருந்த முறையில், அக்கறையோடு செய்யப்பட்டது. ஆனால் அறுபது எழுபது பிள்ளைகள் அடைந்து கிடக்கும் வகுப்பில், பழைய இலக்கண முறையில் வளர்ந்த ஆசிரியர் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? உரையாடலையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கடையில் அர்த்த நோட்டு வந்தது. வங்காளிகள் அதை 'மானே பொய்' என்பார்கள். அர்த்தப் புத்தகம் என்று பொருள். நம் காதுக்குப் 'பொய்' என்றே விழுகிறது. அதுவும் சரிதான்! முறை எவ்வளவு நல்லதானாலும், அதைக் கையாளும் ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் கொடுக்காமல் புத்தகத்தை மட்டும் மாற்றினால், புதுப் புட்டியில் பழைய கஷாயம்தான்.

இன்றைக்கும் அந்தப் பிரச்சினை தீரவில்லை. 2016-ஆம் வருஷத்துத் தேர்வில் நடந்த ஊழலுக்காக, மேற்கு வங்காளப் பள்ளிகளில் 25,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர், ஊழியர் நியமனங்களை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யாரோ லஞ்சம் வாங்கினார்கள், யாரோ கொடுத்தார்கள், நேர்மையாகத் தேர்வு எழுதியவர்களும் சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆங்கில வாத்தியார் வரவில்லை என்பது தெரியும்.

தனி 'இங்கிலீஷ் மீடியம்' பள்ளிகளுக்கு வருவோம். பெரிய பெயரெடுத்த பழைய பள்ளிகளைச் சொல்லவில்லை. அங்கே நம் பிள்ளைக்கு இடமும் இல்லை, நம்மிடம் காசும் இல்லை. சந்துக்குச் சந்து மாடியில் நடக்கும் பள்ளிகளைச் சொல்கிறேன். டை கட்டி, ஷூ போட்டு, தடித்த புத்தகங்கள் பன்னிரண்டு சுமந்துகொண்டு பிள்ளை போகிறது. சரித்திரமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில். கேள்விக்கு விடையைப் போர்டில் எழுதிப்போடுவார்கள், பிள்ளை எழுதிக்கொண்டு வரும், மனப்பாடம் செய்யும். சொந்தமாக ஒரு வாக்கியம் கேளுங்கள், விழிக்கும். வெஸ்ட் வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இத்தனை புதுச் சொல்தான் என்று எண்ணிப் போட்டார் அல்லவா? இங்கே விஞ்ஞானப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஐம்பது புதுச் சொல். புரியாத மொழியில் புரியாத விஷயம். மொழியும் வரவில்லை, விஷயமும் வரவில்லை.

இதற்கு மேல் பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்புகிறார்கள்: 'வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஆங்கிலத்தில் பேசுங்கள்.' தோழர்களே, இது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அந்தத் தாய்க்கு நூறு கதை தெரியும், ஆயிரம் பழமொழி தெரியும், கோபம் வந்தால் வாயிலிருந்து மழைபோல் சொல் கொட்டும். அவ்வளவையும் மூடி வைத்துவிட்டு 'ஈட், ஈட், கம், கோ' என்று நாலு சொல்லில் குழந்தையோடு குடும்பம் நடத்தச் சொல்கிறார்கள். ஏராளமாக இருப்பதை நிறுத்திவிட்டு இல்லாததைக் கொடு என்கிறார்கள்! ஒரு மொழியில் காரண காரியம் பேசிப் பழகிய பிள்ளைதான் இன்னொரு மொழியில் அதைப் பேசும். ஒரு மொழியில் படித்து அர்த்தம் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழியில் படிப்பது பாதி சுலபம். எந்த எழுத்தையும் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எல்லாமே முதலிலிருந்து ஆரம்பம்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, டீக்கடையிலும் டிவியிலும் இந்தி என்று மூன்று மொழி காசில்லாமல் வருகிறது. பாடம் நடத்தாமலே வருகிறது! ஆறு வயதுப் பயல் மீன்காரனிடம் வங்காளியில் பேரம் பேசுகிறான். எப்படி வந்தது? காரியம் இருந்தது, வந்தது. பிரபு சொன்னதும் அதுதானே.

இந்த இடத்தில் ஒரு பொய்யையும் உடைத்துவிடுகிறேன். 'ஆங்கிலம் தெரியாவிட்டால் ரயில்வே பரீட்சை எழுத முடியாது' என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அப்படியில்லை. ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம், வங்காளியிலும் எழுதலாம். குரூப்-டி தேர்வில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பகுதியே கிடையாது. கணக்கும் பொது விஞ்ஞானமும் பொது அறிவும் தெரிய வேண்டும். உள்ளே போன பிறகுதான் ஆங்கிலம் கழுத்தைப் பிடிக்கிறது. சர்க்குலர் வரும், சார்ஜ் ஷீட் வரும், லீவு விதி வரும். படித்துப் புரியாதவன் அதிகாரி சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறான். சங்கத்துக்கு வரும் வழக்குகளில் எத்தனை அப்படி, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவை! தனக்கு வந்த காகிதத்தைத் தானே படிக்கத் தெரிவது தொழிலாளிக்கு ஆயுதம். அதனால்தான் முதலில் வாசிப்பு என்ற பக்கத்தில் நானும் நிற்கிறேன்.

சங்கம் மாலை வகுப்பு தொடங்க வேண்டும் என்று செயற்குழுவில் பேசி வருகிறோம். அதில் என்ன செய்வது என்பதில் என் யோசனை இது.

முதல் அரை மணி தமிழ். இதில் விட்டுக்கொடுக்கலாகாது. தமிழ்ப் படிப்பை மேடைப் பெருமைக்காகக் கேட்கவில்லை. மேலே சொன்ன காரணத்துக்காகக் கேட்கிறேன். பிறகு ஆங்கில வாசிப்பு. காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் கிடைக்கின்றன, குறைந்த சொற்களில் எழுதியவை. ஒரு பக்கத்தைப் பிள்ளை படிக்கட்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம், எளியது எடு. இதற்கு எந்தப் பட்டமும் பெற்ற வாத்தியார் வேண்டியதில்லை. எளிய புத்தகம் இருபது படித்த பிள்ளை, கடினமான புத்தகம் ஒன்றோடு வருஷமெல்லாம் மல்லுக்கட்டிய பிள்ளையை முந்திவிடும். பன்னிரண்டு வயதுப் பையனிடம் 'ஏ ஃபார் ஆப்பிள்' புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். வெட்கப்பட்டு மறுநாள் வரமாட்டான். எளிய மொழியில் பெரிய பிள்ளைக்கேற்ற கதை வேண்டும். தேடிப் பார்த்தால் கிடைக்கும்.

அடுத்தது காகிதங்கள். வீட்டில் வந்து விழும் கரண்ட் பில், சம்பளச் சீட்டு, பி.எஃப். சீட்டு, மருந்துப் பட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த மாதம் எத்தனை யூனிட்? கடைசித் தேதி எது? போன மாதத்தைவிட ஏன் கூடுதல்? மருந்து சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? டைம்டேபிளை விரியுங்கள். ஹவுரா–சென்னை மெயில், வண்டி எண் 12839. கரக்பூரில் எத்தனை மணிக்கு? புவனேஸ்வரத்தில் இறங்க வேண்டியவன் எப்போது எழுந்திருக்க வேண்டும்? விசாகப்பட்டினத்துக்கும் விஜயவாடாவுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம்? ஊருக்குப் போகும் வண்டி என்றால் பிள்ளைகள் ஆவலாய்ப் படிப்பார்கள். இந்த வகுப்பில் தாய்மார்களும் உட்காரலாம், உட்கார வேண்டும். கரண்ட் பில்லோடு தினமும் போராடுகிறவர்கள் அவர்கள்தான்.

இதெல்லாம் புதிய யுக்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். வித்யாசாகர் சின்னப் பையனாக வீர்சிங்கா கிராமத்திலிருந்து தகப்பனாரோடு கல்கத்தாவுக்கு நடந்து வந்தபோது, சாலை ஓரத்து மைல் கல்லைப் பார்த்துப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார் என்பது வங்காளத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. மைல் கல்தான் அவருக்கு உபகரணம்.

இந்தக் காலத்து உபகரணம் செல்போன். அதை விரட்ட முடியாது, வேலை வாங்கலாம். ஒரு சொல்லை எப்படி உச்சரிப்பது என்று அது சொல்லித் தரும். நம்மில் பெரும்பாலோர் அதைச் சரியாகச் சொல்லித்தர முடியாது. எளிய ஆங்கிலக் கதையைக் கேட்டுக்கொண்டே புத்தகத்தில் கண்ணை ஓட்டினால் காதும் கண்ணும் சேர்ந்து பழகும். வெஸ்ட் காலத்தில் இந்த வசதி இல்லை. இருந்திருந்தால் பேச்சை அவ்வளவு தள்ளி வைத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். ஆனால் விரலால் தட்டினால் நட்சத்திரமும் காசும் கொட்டும் விளையாட்டுப் பாடங்களை நம்பி உட்காராதீர்கள். நாலு விடையில் ஒன்றைத் தொடத் தெரிவது வேறு, ஒரு வாக்கியத்தைத் தானே சொல்லத் தெரிவது வேறு. மொழிபெயர்க்கும் இயந்திரமும் அப்படியே. தான் படித்துப் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்க்க அது உதவட்டும். படிக்காமல் தப்பிக்க உதவ வேண்டாம். 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகையறாவைப் பற்றி எழுதிக் காகிதத்தை வீணாக்கப் போவதில்லை.

பேசவும் வேண்டும், மறுக்கவில்லை. டைம்டேபிள் புதிரைத் தீர்க்கும்போதே பேச்சு வந்துவிடும். பிள்ளை தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது. சரியான வாக்கியத்தை நாம் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தவறை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விளக்கலாம். பிள்ளைகள் சொந்தமாக எழுதத் தொடங்கிய பிறகு, அவர்கள் எழுதியதிலிருந்தே இலக்கணம் எடுக்கலாம். பெரியவர்கள் சிரித்தால் அவர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். நம் தமிழர் கூட்டத்தில் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்கிறவர் கூட்டம் கொஞ்சம் அதிகம்.

மாலை வகுப்பு நடத்திவிட்டோம் என்று அரசுப் பள்ளியைக் கைகழுவிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் இடம் எங்கெங்கே காலி என்று வார்டு வாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும். வங்காளித் தோழர்களும் இந்தி பேசும் தோழர்களும் இதே சங்கடத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொண்டு போய் மனுக் கொடுக்க வேண்டும். இது தமிழர் பிரச்சினை மட்டுமல்ல.

இப்போதைக்கு நமக்குத் தேவைப்படுவன: ஒரு கரும்பலகை, வாரம் இரண்டு மாலை வரக்கூடிய நாலு பேர், உங்கள் வீட்டில் கிடக்கும் எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள், பழைய டைம்டேபிள்கள். பாதியில் நின்றுவிட்ட பிள்ளைகள் உங்கள் தெருவில் யார் யார் என்ற பட்டியலும் வேண்டும். அவர்களைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள்.